ஒரே ரூட்டரில் எல்லா வேலையும் முடியுமா? வீட்டுப் பட்டறைக்கு எதை வாங்குவது?

வாட் எண்ணைப் பார்த்து வாங்குபவர்கள்தான் அதிகம். ஆனால் ஒரு ரூட்டர் எத்தனை வேலைக்கு உதவும் என்பதைத் தீர்மானிப்பது காலெட், பேஸ், வேகக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும்தான். கூடவே, வீட்டில் இருக்கும் பிளக் பாயின்ட்டும்!

தீபாவளிக்குக்கூடப் பட்டாசுச் சத்தம் கேட்காத ஊர் வேடந்தாங்கல். ஏரியில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக, அந்த ஊர் மக்கள் பல ஆண்டுகளாகவே பட்டாசைத் தவிர்த்து வருகிறார்கள். பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பாதுகாப்பு உத்தரவு வாங்கிய ஊர் அது. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது.

இப்படி ஓர் ஊரில், வீட்டின் பின்பக்கம் இருக்கும் தகரக் கொட்டகையை மரவேலைப் பட்டறையாக மாற்றலாம் என்று ஒருவர் நினைப்பதாக வைத்துக்கொள்வோம். வார நாட்களில் மறைமலை நகரிலோ மகிந்திரா சிட்டியிலோ வேலை. வார இறுதியில் புத்தக அலமாரி, லேப்டாப் மேசை, சிட்டுக்குருவிக் கூடு என்று ஏதாவது கையால் செய்து பார்க்க ஆசை. டிரில் இருக்கிறது, ரம்பம் இருக்கிறது. அடுத்து வாங்க வேண்டியது ரூட்டர். ஆன்லைனில் தேடினால் 500 வாட்டில் தொடங்கி 2,000 வாட்டுக்கு மேல் வரை வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாவற்றிலும் 'எல்லா வேலைக்கும் ஏற்றது' என்றே எழுதியிருக்கிறது.

உண்மையில் எது எல்லா வேலைக்கும் ஏற்றது?

ரூட்டர்னா என்ன? வைஃபை பெட்டியா?

இல்லை. மரவேலை ரூட்டர் என்பது, நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்றுவரை சுழலும் ஒரு மோட்டார். அதன் அடியில் ஒரு வெட்டும் பிட் மாட்டப்பட்டிருக்கும். டிரில் பிட் நேராகக் கீழே இறங்கித் துளை போடும். ரூட்டர் பிட் பக்கவாட்டில் நகர்ந்து மரத்தைச் சீவும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால், அந்த ஒரு வித்தியாசத்தால் அது செய்யும் வேலைகளின் பட்டியல் நீளமாகிவிடுகிறது.

தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக உளி, கொட்டாப்புளி, இழைப்புளி வைத்துச் செய்த வேலைகளில் பலவற்றை இது செய்துவிடும். பலகையில் இன்னொரு பலகை உட்காரக் காடி எடுப்பது, ஓரத்தை உருட்டுவது, கீல் பதிக்கப் பள்ளம் தோண்டுவது, மைக்கா ஒட்டிய பிறகு துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பைச் சீவுவது, ஒரே அச்சில் பத்துத் துண்டுகளை வெட்டுவது என எல்லாமே இதன் எல்லைக்குள் வரும்.

எத்தனை வகை இருக்கு?

அளவை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

*டிரிம்மர்:* ஒரு கையில் அடங்கும் சிறிய ரூட்டர். மைக்கா ஓரத்தைச் சீவுவதற்காக வந்தது என்பதால் இந்தப் பெயர். பெரும்பாலும் 500 முதல் 700 வாட் வரை. மக்கிட்டா 3709 என்ற மாடல் 530 வாட். வேகம் 30,000 ஆர்.பி.எம்., அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதே நிறுவனத்தின் ஆர்.டி.0700.சி மாடல் 710 வாட். வேகத்தை 10,000-லிருந்து 30,000 வரை மாற்றிக்கொள்ளலாம். பார்ப்பதற்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆனால் பயன்பாட்டில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி உண்டு. ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

*நடுத்தர ரூட்டர்:* 900 முதல் 1,400 வாட் வரை. டிவால்ட் டி26200 (900 வாட்), பாஷ் பி.ஓ.எஃப் 1400 (1,400 வாட்) போன்றவை இந்த வரிசை. இரண்டு கையாலும் பிடித்து ஓட்ட வேண்டும்.

*பெரிய ரூட்டர்:* 1,600 வாட்டும் அதற்கு மேலும். பாஷ் ஜி.எம்.எஃப் 1600, மக்கிட்டா ஆர்.பி.2301 (2,100 வாட்) போன்றவை. எடை 6 கிலோவை நெருங்கும். கதவு, நிலை, கனமான மேசைப் பலகை, நாள் முழுக்க ஓடும் பட்டறை ஆகியவற்றுக்கானது.

மெஷினுக்கு முன்னாடி வேலையை முடிவு பண்ணுங்க

எதை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது, முதல் ஓராண்டில் என்னென்ன செய்யப் போகிறோம் என்பதுதான். மூன்று வேலைகளை எடுத்துக்கொள்வோம்.

*முதல் வேலை: சிட்டுக்குருவிக் கூடு.* வேடந்தாங்கலின் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் மரக்கிளைகளில் தாங்களே கூடு கட்டிக்கொள்ளும். சிட்டுக்குருவிக்கோ சுவரில், கூரையில் ஓர் இடுக்கு வேண்டும். கான்கிரீட் வீடுகளில் அது கிடைப்பதில்லை. அதனால்தான் மரப்பெட்டிக் கூடு. 12 மி.மீ. பிளைவுட், தரைப்பலகை உட்காரப் பக்கப் பலகைகளில் 4 மி.மீ. ஆழக் காடி, முன்பக்கம் 32 மி.மீ. வாசல், அடியில் நீர் வடிய சிறு துளைகள். அவ்வளவுதான்.

அந்த வட்ட வாசலை ரூட்டரில் வெட்ட ஒரு டெம்ப்ளேட் போதும். ரூட்டரின் அடித்தட்டில் மாட்டும் 'கைடு புஷ்' என்ற வளையத்தின் வெளி விட்டம் 12 மி.மீ., பிட் 6 மி.மீ. என்றால், பிட்டின் வெட்டு டெம்ப்ளேட்டின் விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி விழும். ஆக, 32 மி.மீ. வாசலுக்கு டெம்ப்ளேட் துளை 38 மி.மீ. இருக்க வேண்டும். ஒருமுறை இந்த டெம்ப்ளேட்டைச் செய்துவிட்டால், தெருவுக்கே கூடு செய்து கொடுக்கலாம். இந்த வேலைக்கு டிரிம்மரே தாராளம். ஆனால், பிட் பலகையின் நடுவில் இறங்க வேண்டும் என்பதால் பிளஞ்ச் பேஸ் தேவை.

*இரண்டாவது வேலை: புத்தக அலமாரி அல்லது லேப்டாப் மேசை.* 18 மி.மீ. பிளைவுட்டில் 6 மி.மீ. ஆழக் காடிகள், முன் ஓரங்களை லேசாக உருட்டுவது, மைக்கா ஒட்டினால் சீவுவது. இதையும் 700 வாட் டிரிம்மர் செய்துவிடும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவே. ஒரே மூச்சில் 6 மி.மீ. ஆழம் போகாமல், 2 மி.மீ., 2 மி.மீ. என்று மூன்று முறை ஓட்ட வேண்டும்.

*மூன்றாவது வேலை: வேப்பமரக் கதவு, தேக்குச் சட்டம், கிச்சன் மேடைப் பலகை.* இங்கே டிரிம்மர் திணறும். ஆழமான துளை, தடித்த கட்டை, பெரிய விட்ட பிட் எல்லாம் பெரிய ரூட்டரின் வேலை.

முதல் இரண்டும்தான் திட்டம் என்றால், மூன்றாவதுக்கான மெஷினை இப்போதே வாங்க வேண்டியதில்லை.

காலெட்: கடைக்காரர் சொல்லாமல் விடுவது

பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் சிறு உருளைதான் காலெட். 6 மி.மீ., 8 மி.மீ., 12 மி.மீ. என்பவை மெட்ரிக் அளவுகள். கால் அங்குலம் (6.35 மி.மீ.), அரை அங்குலம் (12.7 மி.மீ.) என்பவை அங்குல அளவுகள். நம் கடைகளில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன.

6 மி.மீ. தண்டை 6.35 மி.மீ. காலெட்டில் போட்டு இறுக்கினால், இறுகியது போலத்தான் தெரியும். ஓடும்போது பிட் மெல்லக் கீழே இறங்கி, 4 மி.மீ. காடி 7 மி.மீ. ஆகிவிடும். நிலைமை மோசமானால் பிட்டே கழன்று பறக்கும். எனவே, மெஷினில் இருக்கும் காலெட் எந்த அளவு என்பதைப் பார்த்து, அதே அளவில் பிட் வாங்க வேண்டும். 'கிட்டத்தட்ட அதே சைஸ்தான்' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

தண்டின் தடிமனுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஓர் உருளைத் தண்டு வளையாமல் நிற்கும் திறன், அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 6 மி.மீ. தண்டைவிட 12 மி.மீ. தண்டு இரண்டு மடங்கு தடிமன்தான். ஆனால் வளையாமல் நிற்பதில் 16 மடங்கு. 8 மி.மீ. தண்டுகூட 6 மி.மீ. தண்டைவிட மூன்று மடங்குக்கும் மேல் உறுதி. வளைவு குறைந்தால் அதிர்வு குறையும், வெட்டு வழவழப்பாக இருக்கும்.

அதனால், சிறிய ரூட்டராக இருந்தாலும் 6, 8 இரண்டு காலெட்டும் போடக்கூடிய மாடலாகப் பார்ப்பது நல்லது. பெரிய ரூட்டர் என்றால் 12 மி.மீ.-உடன் 8 மி.மீ.-உம் மாட்ட வழி இருக்க வேண்டும்.

பேஸ்: ஒண்ணா, ரெண்டா?

மோட்டாரைத் தாங்கும் அடிப்பகுதிதான் பேஸ். இதில் இரண்டு வகை.

ஃபிக்ஸட் பேஸில் ஆழத்தை முன்கூட்டியே வைத்துப் பூட்டிவிட்டு ஓட்ட வேண்டும். ஓரம் சீவ, உருட்ட, ரூட்டர் டேபிளில் தலைகீழாக மாட்ட இதுதான் வசதி. பிளஞ்ச் பேஸில் இரண்டு ஸ்பிரிங் தண்டுகள் இருக்கும். மோட்டாரை ஓடவிட்டு, அழுத்திக் கீழே இறக்கலாம். பலகையின் நடுவில் காடி தொடங்க, துளை தோண்ட, படிப்படியாக ஆழம் கூட்ட இதுதான் சரி.

ஒரே மோட்டாரை இரண்டு பேஸிலும் மாற்றி மாட்டும் வசதி உள்ள மாடல்கள் உண்டு. ஆர்.டி.0700.சி, ஜி.எம்.எஃப் 1600 இரண்டும் அப்படிப்பட்டவை. 'எல்லா வேலைக்கும் ஏற்றது' என்ற சொல் உண்மையில் பொருந்துவது இந்த வகைக்குத்தான். 1,000 வாட் கூடுதலாகக் கிடைப்பதைவிட, இரண்டாவது பேஸ் கிடைப்பதே வீட்டுப் பட்டறைக்கு அதிக லாபம்.

வேகம் அதிகமா இருந்தா நல்லதுதானே?

அதுதான் பலர் செய்யும் தவறு. 6 மி.மீ. பிட் 30,000 ஆர்.பி.எம்.-இல் சுழலும்போது அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 34 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. அதே 30,000-இல் 50 மி.மீ. பிட்டைச் சுழற்றினால், விளிம்பு வேகம் மணிக்கு 280 கி.மீ.-ஐத் தாண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் எந்த வண்டியும் தொடாத வேகம் அது! அந்த வேகத்தில் மரம் கருகும், பிட் உடைந்து சிதறவும் கூடும்.

பொதுவான கணக்கு இது:

- 25 மி.மீ. வரையிலான பிட்: 22,000 ஆர்.பி.எம். அளவில்
- 25 முதல் 50 மி.மீ. வரை: 16,000 முதல் 18,000
- 50 மி.மீ.-க்கு மேல்: இன்னும் குறைத்து, அதுவும் ரூட்டர் டேபிளில் மட்டும்

பிட்டின் தண்டில் அதிகபட்ச வேகம் அச்சிடப்பட்டிருந்தால், அதுவே இறுதி.

வேகத்தை மாற்ற முடியாத டிரிம்மர், சிறிய பிட்டுகளோடு நின்றுவிட வேண்டும். மைக்கா ஓரம் மட்டும் சீவுபவருக்கு அது போதும். ஒரே ஒரு மெஷின்தான் வாங்கப் போகிறேன் என்பவர், வேகக் கட்டுப்பாட்டு டயல் இல்லாத மாடலைத் தொடவே வேண்டாம்.

வீட்டு கரண்ட் தாங்குமா?

வீடுகளில் சாதாரண பிளக் பாயின்ட் 6 ஆம்ப். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட் வரை. 1,600 வாட் ரூட்டர் சுமார் 7 ஆம்ப் இழுக்கும். அதற்கு ஃபிரிட்ஜ், கீஸர் போடும் 16 ஆம்ப் பாயின்ட் வேண்டும். கொட்டகையில் அப்படி ஒரு பாயின்ட் இல்லை என்றால், மெஷின் விலையோடு வயரிங் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் வீட்டிலிருந்து கொட்டகைக்கு இழுத்தால் வோல்டேஜ் குறையும், மோட்டார் சூடாகும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஆனது. அதில் ரூட்டரை ஓட்ட வேண்டாம்.

கிராமத்துப் பட்டறையில் இன்னொரு ஆபத்து, திடீர் மின்தடை. பாதி காடியில் கரண்ட் போகிறது. ரூட்டரை அப்படியே பலகை மேல் வைத்துவிட்டு, சுவிட்சை அணைக்க மறந்து வெளியே போகிறார் ஒருவர். கரண்ட் திரும்பியதும் 20,000 ஆர்.பி.எம்.-இல் மெஷின் தானாக ஓடத் தொடங்கினால்? மேசையிலிருந்து குதிக்கும், ஒயரை வெட்டும், பக்கத்தில் இருப்பவரையும் வெட்டும். சில மாடல்களில் இதைத் தடுக்கும் 'ரீஸ்டார்ட் புரொடக்‌ஷன்' வசதி இருக்கிறது. இருந்தால் மிக நல்லது. இல்லை என்றால், கரண்ட் போன நொடியே சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கும் பழக்கம்தான் பாதுகாப்பு.

மோட்டார் மெதுவாகத் தொடங்க உதவும் 'சாஃப்ட் ஸ்டார்ட்', மரம் கடினமாக இருந்தாலும் வேகம் விழாமல் காக்கும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு ஆகிய இரண்டும் பெரிய ரூட்டருக்கு அவசியம்.

பிட் வாங்கக் காசு வைத்திருக்கிறீர்களா?

கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் மெஷினில் போடுவது இன்னொரு தவறு. மரத்தை வெட்டுவது பிட். ரூட்டர் அதைச் சுழற்ற மட்டுமே செய்கிறது. பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது பிட், கிளாம்ப், பாதுகாப்புக் கருவிகளுக்கு ஒதுக்கி வைப்பது நல்லது.

பிளைவுட்டிலும் எம்.டி.எஃப்.-இலும் இருக்கும் பசை, சாதாரண எச்.எஸ்.எஸ். பிட்டைச் சீக்கிரமே மழுங்கடித்துவிடும். வெட்டு முனையில் கார்பைடு ஒட்டிய பிட்தான் வேண்டும். 50 பிட் கொண்ட மலிவு செட்டைவிட, நல்ல பிட் ஐந்து போதும்:

- 6 மி.மீ. ஸ்ட்ரெய்ட் பிட்: காடிக்கும் டெம்ப்ளேட்டுக்கும்
- 10 அல்லது 12 மி.மீ. ஸ்ட்ரெய்ட் பிட்: அகலக் காடிக்கு
- பேரிங் வைத்த ஃப்ளஷ் டிரிம் பிட்: மைக்கா ஓரத்துக்கும் நகல் எடுக்கவும்
- 6 மி.மீ. ரவுண்ட் ஓவர் பிட்: ஓரம் உருட்ட
- 45 டிகிரி சாம்ஃபர் பிட்: முனையைச் சரிவாக மழிக்க

ஒரு சின்ன சூட்சுமம்: '18 மி.மீ.' என்று விற்கப்படும் பிளைவுட், அளந்து பார்த்தால் 18 இருப்பது அபூர்வம். கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அதனால் 18 மி.மீ. பிட்டால் ஒரே ஓட்டில் காடி எடுத்தால் பலகை ஆடும். 12 மி.மீ. பிட்டால் இரண்டு ஓட்டாக, அந்தப் பலகையையே வைத்து அளந்து எடுத்தால் கச்சிதமாக உட்காரும்.

அலங்கார ஓர பிட்டுகளை வாங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய்வரலாம். 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் ரதங்கள் கல்லில் செதுக்கப்பட்டவை என்றாலும், அவற்றின் வடிவம் மரக் கட்டடங்களைப் பார்த்து எடுக்கப்பட்டது. திரௌபதி ரதம் அப்படியே ஒரு கூரைக் குடிசை. கோயில் அடித்தளத்தில் அடுக்கடுக்காக வரும் உருண்ட குமுதம், இதழ்போல் வளையும் பத்மம், பட்டையாக ஓடும் பட்டிகை போன்றவற்றின் நெருங்கிய உறவுகளைத்தான் இன்றைய பிட் கேட்டலாக்கில் புல்நோஸ், ஓஜி என்ற பெயர்களில் பார்க்கிறோம். எந்த வளைவுக்குப் பக்கத்தில் எந்த வளைவு வந்தால் நிழல் அழகாக விழும் என்பதை அந்தக் கற்கள் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கும். அங்கே 1957-இல் தொடங்கப்பட்ட அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் மரச் சிற்பமும் ஒரு பாடம். சிலை செதுக்குவது இன்றும் உளியின் வேலைதான். ரூட்டரின் வேலை நேர்கோடும் ஒரே மாதிரி ஓரமும்.

உப்புக்காற்றும் ஐப்பசி மழையும்

கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் எனக் கடலோரம் வசிப்பவர்களுக்குக் கூடுதல் கவலை துரு. காலெட்டின் உட்புறத்தில் லேசாகத் துரு பிடித்தாலே பிடிமானம் கெடும். வேலை முடிந்ததும் பிட்டைக் கழற்றி, காலெட்டைத் துடைத்து, மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். பிட் தண்டில் எண்ணெய்ப் பூச்சு இருந்தால், மாட்டும் முன் கட்டாயம் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் இருந்தால் வழுக்கும்.

மரமும் சும்மா இருக்காது. வைகாசி வெயிலில் சுருங்கிய பலகை, வடகிழக்குப் பருவமழையில் ஈரம் குடித்து அகலவாக்கில் விரியும். கோடையில் இறுக்கமாக எடுத்த காடி, மழைக்காலத்தில் பலகையைப் பிதுக்கிவிடும். வேம்பு, தேக்கு, பூவரசு போன்ற முழுமரப் பலகைக்குக் காடியில் மயிரிழை இடைவெளி விடுவது அவசியம். பிளைவுட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. தொடக்க வேலைகளுக்கு அது ஏற்றதாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

விரல், காது, நுரையீரல்

ரூட்டர் வாங்கும் பட்டியலில் கடைசியில் வரக்கூடாத விஷயம் இது.

*திசை:* பலகையின் ஓரத்தைப் பார்த்து நின்று கையில் ரூட்டரைப் பிடித்திருந்தால், இடமிருந்து வலமாகத்தான் நகர்த்த வேண்டும். எதிர்த்திசையில் ஓட்டினால் பிட் மரத்தின் மேல் ஏறி ஓடும், மெஷின் கையை விட்டு இழுத்துக்கொண்டு போகும். ரூட்டர் டேபிளில் மெஷின் தலைகீழாக இருப்பதால் பலகையை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்காமல் எந்த வெட்டும் கூடாது.

*பிளக்:* பிட் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிக் கண் எதிரே வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். தண்டை அடிவரை சொருகி, 2 மி.மீ. மேலே இழுத்து இறுக்க வேண்டும்.

*தூசு:* மரத்தூசு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வகைப்படுத்தியிருக்கிறது. எம்.டி.எஃப். பலகையில் ஃபார்மால்டிஹைடு பசையும் சேரும். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. என்-95 தரத்தில் மாஸ்க்கும் கண்ணாடியும் வேண்டும். வாக்குவம் குழாய் மாட்ட இடம் உள்ள ரூட்டராகப் பார்த்து வாங்குவது நல்லது.

*சத்தம்:* ரூட்டர் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். 94 டெசிபலில் 1 மணி நேரம். 100 டெசிபலில் 15 நிமிடம் மட்டுமே. காதடைப்பான் விலை மலிவு. போன செவித்திறன் திரும்பாது.

சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பதுதான் வரம்பு. கூடுவாஞ்சேரி அபார்ட்மென்ட் பால்கனியாக இருந்தாலும், வேடந்தாங்கல் கொட்டகையாக இருந்தாலும் இது பொருந்தும். கதவை மூடி, பகலில், வெட்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தை உப்புத்தாளுக்கும் பசைக்கும் ஒதுக்கலாம். நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் வந்து தங்கும் மாதங்களில், ஏரியோரத்து வீடுகளில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கூடுதலாக வேண்டும்.

சரி, கடைசியா எதை வாங்குறது?

கூடு, அலமாரி, மேசை, ஓரம், கீல் பள்ளம் இவைதான் வேலை என்றால்: 700 வாட் அளவிலான சிறிய ரூட்டர், வேகக் கட்டுப்பாட்டுடன், 6 மற்றும் 8 மி.மீ. காலெட்டுடன், ஃபிக்ஸட், பிளஞ்ச் என இரண்டு பேஸுடன். 6 ஆம்ப் பாயின்ட்டில் ஓடும். எடை 2 கிலோவுக்குள் என்பதால் புதிதாகக் கற்பவரின் கைக்கு அடங்கும்.

கதவு, நிலை, கனமரம், ரூட்டர் டேபிள் என்பதுதான் இலக்கு என்றால்: 1,600 வாட் அளவில், 12 மற்றும் 8 மி.மீ. காலெட்டுடன், சாஃப்ட் ஸ்டார்ட் வசதியுடன், இரண்டு பேஸ் கொண்ட மாடல். 16 ஆம்ப் பாயின்ட் கட்டாயம்.

எந்தப் பக்கம் போவது என்று குழப்பமாக இருந்தால், சிறியதிலிருந்து தொடங்குவதே சரி. காரணம் எளிது. பின்னால் பெரிய ரூட்டர் வாங்கினாலும் சிறியது வீணாகாது. ஓரம் சீவ, கீல் பதிக்க அதைத்தான் கை தேடும். பெரியதை முதலில் வாங்கியவரோ, 6 கிலோ மெஷினைத் தூக்கி மைக்கா விளிம்பைச் சீவ முடியாமல், சில மாதங்களில் இன்னொரு டிரிம்மர் வாங்கக் கடைக்கே திரும்பி வருவார்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிட் மாட்டும் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது என்று பொருள். காலெட்டின் உள்ளே கீறலோ துருவோ இருக்கக் கூடாது. பிளஞ்ச் தண்டு சிக்காமல் இறங்கி ஏற வேண்டும். புதிதோ பழையதோ, அந்த மாடலுக்குக் காலெட்டும் கார்பன் பிரஷ்ஷும் தனியாகக் கிடைக்குமா, செங்கல்பட்டிலோ சென்னையிலோ சர்வீஸ் உண்டா என்று கேட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

மெஷின் வீட்டுக்கு வந்த முதல் நாள், நல்ல பலகையை எடுக்க வேண்டாம். கழிவுத் துண்டு ஒன்றைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, 2 மி.மீ. ஆழத்தில் பத்துக் காடி எடுத்துப் பாருங்கள். பத்தாவது காடி நேராக வந்துவிட்டால், அடுத்த வாரம் சிட்டுக்குருவிக் கூட்டைத் தொடங்கிவிடலாம்.